பெட்டிக்குள் போன கசெட்

சுசீலாதேவி மறுபடியும் இழுத்தபோது மேசை லாச்சி கையோடு கழன்று வந்து அவள் காலில் விழுந்தது. நன்றாக வலித்தது. கத்தவில்லை. முன் ஹாலில் ஆளாளுக்கு அழுது கத்திக்கொண்டிருந்தார்கள், அவர்களோடு தானும் சேரவேண்டுமா என்று இருந்தது. தரையில் கொட்டியவற்றுக்கு நடுவே குந்திக்கொண்டு கிட்டார்க் கம்பிச் சுருள், தேய்ந்த பட்டரி, பனடோல் அட்டை, நாவுல பஸ் டிக்கெட்டுகள் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். மூன்று கசெட்டுகள் இருந்தன. நான்காவது இல்லை. டேப் ரெக்கோடரின் மூடியை முன்பே திறந்து பார்த்துவிட்டாள். அதற்குள்ளும் ஒன்றுமில்லை.

ஜன்னலுக்கு வெளியே, கொடியில் காய்ந்த துணிகளுக்குப் பின்னால், சின்னண்ணனின் கூட்டாளி ரவூப் நின்றுகொண்டிருந்தான். தலையில் வெள்ளைத் தொப்பி. எத்தனை தேய்த்தும் போகாத கராஜ் கறுப்பு நகக் கண்ணில் அப்படியே இருந்தது.

"கெடச்சுதா தங்கச்சி?"

"இல்ல நானா. நேத்து காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி இதுலதான் போட்டுக் கேட்டாரு. யாரு எடுத்தாங்கன்னு தெரியல."

"வேற கொப்பி இல்ல தங்கச்சி. ஞாயித்துக்கெழம ரெண்டு பேருமாக் கண்டிக்குக் கொண்டு போய் கொப்பி அடிக்கிறதாத்தான் இருந்துச்சு. அந்த ஒண்ணுதான் இருக்கு."

"தேடுறேன் நானா."

"மொதல்ல ஜயந்தட அம்மாவுக்குத்தான் போட்டுக் காட்டணும்னு நாதன் சொல்லிக்கிட்டிருந்தான்" என்று சொல்லிவிட்டு ரவூப் வேலிப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான்.

சின்னண்ணன் ஆறுமுகநாதன் நேற்று நாவுலவில் இருந்து வரும் பஸ்ஸில் செத்துப் போனான். அங்கே நெல் களஞ்சியத்தில் கிளாக்கர் வேலை. பின் சீட்டில் தூங்குகிற மாதிரி சாய்ந்திருந்தவனை, மாத்தளை ஸ்டாண்டில் இறங்கச் சொல்லி கொண்டக்டர் தட்டியபோதுதான் தெரிந்ததாம். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். கல்யாணம் கட்டவில்லை. அம்மா அப்பா போனபிறகு இந்த வீட்டில் அவனும் சுசீலாவும்தான். அடுத்த தெருவில் இருக்கும் பெரியண்ணன் தர்மராஜா, வந்தது முதல் எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். வானொலி மரண அறிவித்தலையும் அவரே எழுதினார். அரசாங்க உத்தியோகத்தர், இன்னாரின் மகன், இன்னாரின் சகோதரன். பாட்டுக்காரன் என்று ஒரு சொல் இல்லை.

சுசீலா எழுந்து ஹாலுக்குப் போனாள். பெட்டியின் கால்மாட்டில் நாதனோடு வேலை செய்த மனிதர் ஒருவர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாதன் மாதிரி அமைதியான ஆளப் பாக்கவே ஏலாது. ஆபீசுல அவரு இருக்கிறாரா இல்லையான்னே தெரியாது. அவ்வளவு நல்ல மனுஷன்."

கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். சுசீலாவுக்கு அந்தத் தலைகளைப் பிடித்து உலுக்கவேண்டும் போல ஆத்திரம் வந்தது. அமைதியான ஆளாம். யாரிடம் சொல்கிறார்கள் இதை?

முதல் கசெட்டை இவர்களில் ஒருவராவது கேட்டிருந்தால் இப்படிப் பேச வாய் வராது. ரவூபின் வாப்பாவின் கராஜில்தான் நாதன், ரவூப், ஜயந்த மூன்று பேரும் அதைப் பதிந்தார்கள். எஞ்சின் தூக்குகிற சங்கிலியில் ஒரேயொரு மைக்கைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் கீழே நின்று அடித்தார்கள், பாடினார்கள். நாதனிடம் கிட்டார், ஜயந்தவிடம் பேஸ் கிட்டார், ரவூபிடம் ட்ரம்ஸ். பாட்டுக்கு நடுவில் பக்கத்தில் யாரோ மட்காட் தட்டுகிற சத்தமும் கேட்கும். 'நாலாம் கியர்' என்று பெயர் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்று தாங்களே விற்றார்கள். தகரத்தைத் தெருவில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்று தர்மராஜா சொன்னார். நாதனுக்கு அந்த வார்த்தை பிடித்துப் போய், ஆட்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

பிறகு எண்பத்து மூன்று ஜூலைக் கலவரம் வந்தது. கராஜுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடைக்கு வைத்த தீ கராஜுக்கும் பரவி, அம்ப்ளிபையர், ட்ரம்ஸ் எல்லாம் போயிற்று. இரண்டாவது கசெட்டை இந்த வீட்டுக் குசினியில்தான் பதிந்தார்கள். ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக் கொடுத்து, ரவூப் ஒரு சூட்கேஸை மடியில் வைத்து விரலால் தட்ட, நாதன் கிசுகிசுக்கிற மாதிரிப் பாடினான். தெருவுக்குத் தமிழ்ப் பாட்டுக் கேட்கக்கூடாது. ஹாலில் இருந்து தர்மராஜா அடிக்கொரு தடவை, "சத்தத்தக் கொறைங்கடா" என்பார். ஜயந்தவின் விரல் கம்பியில் நகர்கிறது கூட அதில் கேட்கும். கேட்டவர்கள் என்ன இனிமை, என்ன மென்மை என்று மெச்சினார்கள். இனிமையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பயம்.

மூன்றாவது, கண்டியில் ஒரு ஸ்டூடியோவில் பதிந்தது. ஸ்டூடியோக்காரன் கேட்காமலே எதிரொலியும் கீபோர்டும் சேர்த்துக் கொடுத்தான். திரும்பி வருகிற ரயிலில், "என் கொரலுக்கு சவுக்காரம் போட்டுக் கழுவிட்டான்" என்று நாதன் சொன்னான். அந்தக் கசெட்தான் நன்றாக விற்றது.

அதற்கு அடுத்த வருஷம், எண்பத்தொன்பதில், ஜயந்தவை ரத்தோட்டை வீதி பஸ் ஹோல்ட்டில் வைத்து ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிளர்ச்சியை அடக்குகிறோம் என்று இராணுவம் சிங்களப் பையன்களை ஊர் ஊராக அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. தமிழ்ப் பாட்டுக்கு பேஸ் அடித்து அடித்தே தமிழ் படித்தவன், இந்தக் குசினியில் சுசீலா அவித்த பிட்டைச் சாப்பிட்டவன், பிறகு திரும்பி வரவே இல்லை. அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாதன் முகாம் முகாமாக ஏறி இறங்கினான். போகாதே என்று தர்மராஜா வாசலில் குறுக்கே நின்று பார்த்தார். நாதன் விலகிப் போனான். ஒரு வாசலிலும் பதில் கிடைக்கவில்லை. அதோடு கிட்டாரைத் தூக்கி அலுமாரிக்கு மேலே போட்டவன், போன வருஷந்தான் இறக்கினான்.

நான்காவது கசெட்டில் பேஸ் இல்லை. ரவூப் வேறு ஒருவனைக் கூட்டிவரப் பார்த்தபோது நாதன் வேண்டாம் என்றுவிட்டான். இரண்டு பேருமாக, திரும்பக் கட்டிய கராஜில், பட்டப்பகலில், தகரக் கதவை முழுக்கத் திறந்துவிட்டுப் பதிந்தார்கள். கடைசிப் பாட்டில் நாதன் ஜயந்தவின் பெயரைச் சொல்லி, கொண்டு போனது யார் என்று தமிழிலும் சிங்களத்திலும் கேட்டு, வாடா வாடா என்று தொண்டை கிழியக் கூப்பிடுவான். பிறகு கிட்டாரும் ட்ரம்ஸும் நின்றுவிடும். பேஸ் வரவேண்டிய இடம் முழுக்க வெறுமனே ஓடும். லொறி ஒன்று போகும், யாரோ இருமுவார்கள், அவ்வளவுதான். திரும்ப எல்லாம் ஒரேயடியாக வந்து விழும்போது சுசீலாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நாதன் அதைத் தர்மராஜாவுக்கும் போட்டுக் காட்டினான். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். நாதன் அதைப் பார்த்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டிவைத்தான்.

"என்னத்தடி இந்த நேரத்துல தேடிக்கிட்டுத் திரியிற?" கமலாட்சி மாமி வந்து தோளைத் தொட்டாள். அப்பாவின் தங்கை. சாவு வீட்டு முறையெல்லாம் அவள் சொன்னபடிதான் நடக்கும்.

"சின்னண்ணாவோட கசெட் ஒண்ணு மாமி."

"அதுவா? அதப் பெரியவன் பெட்டியில வச்சுட்டான். கண்ணாடி, நல்ல சாரம் ஒண்ணு, வெத்தில, அந்தப் பாட்டுக் கசெட்டு, எல்லாம் பாத்துப் பாத்து வச்சான். ஒங்கப்பாவுக்கும் மூக்குப்பொடி டப்பாவ வச்சோமே, மறந்துட்டியா? தம்பி மேல எவ்வளவு பாசம் பாரு."

சுசீலா மாமியின் கையைத் தள்ளிவிட்டுப் பின்பக்கம் போனாள். கிணற்றடியில் தர்மராஜா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐயரோடு பேசிக்கொண்டிருந்தார். ஐயர் உள்ளே போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பெரியண்ணா, கசெட்ட ஏன் பெட்டிக்குள்ள வச்சீங்க?"

"அவனுக்குப் பிடிச்சது. அவனோட போகட்டும்."

"நாலு கசெட் இருந்துச்சு. மூணு லாச்சியில அப்படியே கெடக்குது. கொப்பி இல்லாத ஒண்ண மட்டும் பாத்து எடுத்திருக்கீங்க."

தர்மராஜா வாளிக் கயிற்றைச் சுற்றி ஒழுங்காக வைத்தார். பிறகு குரலை இறக்கினார்.

"அதுல அந்தப் பொடியனோட பேரு இருக்கு. கொண்டு போனது யாருன்னு கேக்குறான், அவங்க பாஷையிலயே கேக்குறான். என் மகன் கொழும்புல போர்டிங்ல இருக்கான் சுசீ. ரோட்டுல எறங்குனா ஐடென்டி காட்டி ஐடென்டி காட்டியே செத்துக்கிட்டு இருக்கான். நாளைக்கு இந்த வீட்ட செக் பண்ண வந்து இது கையில ஆம்புட்டா? செத்தவன ஒண்ணும் செய்ய மாட்டாங்க. உசுரோட இருக்கிறவனத்தான் கொண்டு போவாங்க."

அது பொய்யில்லை. அந்தப் பையனைப் போன மாதமும் ஒரு ராத்திரி பொலிஸில் வைத்திருந்துவிட்டுத்தான் விட்டார்கள். பொய்யில்லை என்பதுதான் சுசீலாவை இன்னும் எரித்தது. பொய்யாக இருந்தால் நாலு வார்த்தை ஏசிவிட்டுப் போகலாம்.

"அப்ப பயம்னு சொல்லுங்க. பாசம்னு சொல்லி ஊரக் கூட்டிக் காட்டாதீங்க."

"என்னன்னு வேணும்னாலும் வச்சுக்க. பெட்டியில வச்சாச்சு. செத்தவனுக்குக் குடுத்தத திருப்பி எடுக்கிற பழக்கம் நம்ம குடும்பத்துல இல்ல."

"ஜயந்தவோட அம்மாவுக்கு என்ன சொல்றது? அவங்களுக்குப் போட்டுக் காட்டத்தானே..."

"அந்த அம்மா ஏழு வருஷமா ஒண்ணும் கேக்காமத்தானே இருந்துச்சு?" என்று சொல்லிவிட்டு அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். சொன்னது தவறு என்று அவருக்கே பட்டிருக்கவேண்டும். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

சுசீலா வேலிப் படலைக்குப் போய் ரவூபிடம் சொன்னாள். தெருவில் கட்டியிருந்த வெள்ளைத் தோரணம் ஒன்று அறுந்து காலடியில் கிடந்தது. அவன் அதை எடுத்து மறுபடி கம்பத்தில் முடிந்தான்.

"எரிக்கப் போறாங்க, என்னா?"

"ஆமா நானா."

"நான் உள்ள வந்து ஒண்டும் சொல்ல ஏலா தங்கச்சி. இது ஒங்கட ஊட்டு மையித்து, நான் வெளி ஆளு. ட்ரம்ஸ் திரும்ப அடிக்கச் சொன்னா அடிப்பேன். நாளைக்கும் அடிப்பேன். நாதனுக்கு எங்க போறது?"

அவன் குரல் உடைந்ததும் சுசீலாவுக்கு அழுகை வரப்பார்த்தது. விடவில்லை. அழுதால் ஆத்திரம் கரைந்துவிடும். அது இன்னும் கொஞ்ச நேரத்துக்கு அவளுக்குத் தேவைப்பட்டது.

உள்ளே கிரியை தொடங்கிவிட்டது. உரலில் சுண்ணம் இடித்தார்கள். ஓதுகிற பெரியவர் மூக்கால் இழுத்து இழுத்துப் பாட, உலக்கை அதற்குப் பின்னால் தாளம் தப்பி விழுந்தது. வெளியே பறை அதிர்ந்தது. சின்னண்ணன் கேட்டால் முகத்தைச் சுளித்திருப்பான் என்று சுசீலா நினைத்தாள். பேரப்பிள்ளை முறையில் ஒருவரும் இல்லாததால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் பந்தத்தைக் கொடுத்துச் சுற்றவைத்தார்கள். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. முறையில் ஒரு குறையும் வைக்காதவர் பெரியண்ணன்.

"வாய்க்கரிசி போடுற பொம்பளயாளுங்க வாங்க" என்று ஐயர் கூப்பிட்டார்.

கமலாட்சி மாமி முதலில் போட்டாள். பிறகு அண்ணி, பிறகு ஊரில் இருந்து வந்தவர்கள். சுசீலா கடைசியாகப் போனாள். நாதனின் முகம் மினுமினுப்பாக, பவுடர் பூசி, யாரோ போல இருந்தது. விரித்த கையால் மூன்று தடவை அரிசியை அவன் வாயில் வைத்தாள். பிறகு அவன் நெஞ்சின் மேல் கவிழ்ந்தாள். கட்டிப்பிடித்து அழப் போகிறாள் என்று பெண்கள் பெரிதாகக் குரல் எடுத்தார்கள். அவள் அழவில்லை. வலது கை பெட்டியின் ஓரமாக இறங்கி மடித்த சாரத்துக்குக் கீழே போயிற்று. வெற்றிலை தட்டுப்பட்டது. கண்ணாடி தட்டுப்பட்டது. நாதனின் முழங்கை இத்தனை குளிராக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. அதற்கும் கீழே பிளாஸ்டிக் மூலை ஒன்று விரலில் குத்தியது.

கையை வெளியே எடுத்தபோது மாமி, "அடியே, என்னடி செய்யிற!" என்று அலறினாள். ஒப்பாரி சட்டென்று நின்றது. பெட்டியின் அந்தப் பக்கத்தில் இருந்து தர்மராஜாவின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"சுசீ, விடு" என்றார் பல்லுக்கிடையில். "ஆக்கள் பாக்குறாங்க."

"பாக்கட்டும்!"

அந்த வீட்டில் அத்தனை சத்தமாக அவள் பேசியதே இல்லை. வெளியே பறையும் நின்றுவிட்டது.

"நல்லாப் பாக்கட்டும். இவரு அமைதியான ஆளுன்னு சொன்னீங்களே, யாரு சொன்னது? இவரா அமைதியான ஆளு? சத்தத்தக் கொறை, சத்தத்தக் கொறைன்னு இந்த வீட்டுல சொல்லிச் சொல்லி அமுக்கி வச்சோம். நானும் சேர்ந்துதான் ஜன்னலுக்கு மெத்த வச்சேன். கடைசியா ஒரே ஒரு தடவ வாயத் தெறந்து கத்துனாரு. அது இதுலதான் இருக்கு. இதையும் போட்டு எரிக்கிறீங்களா? கைய எடுங்க பெரியண்ணா."

தர்மராஜாவின் பிடி இறுகியது. அவருடைய மோதிரம் அவள் எலும்பில் அழுந்தியது. அவர் சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தார், வாசலை அடைத்துக்கொண்டு நின்ற ஆண்களைப் பார்த்தார், கையை எடுத்தார். மனம் இரங்கி எடுக்கவில்லை. இதற்கு மேல் இழுத்தால் சபையில் இன்னும் மானம் போகும் என்று எடுத்தார். சுசீலாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபத்தை விடப் பயம்தான் கூடுதலாக இருந்தது. அதற்காக இரக்கப்பட அவளால் முடியவில்லை.

"மூடுங்க" என்றார் அவர், பெட்டி கொண்டு வந்த மலர்ச்சாலைக்காரர்களிடம்.

பெட்டியைத் தூக்கியபோது ஒரு பக்கம் ஆள் குறைந்தது. படலையடியில் நின்ற ரவூப் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தோள் கொடுத்தான். முன்னால் பிடித்தவர் நகர்ந்து இடம் விட்டார். பெண்கள் படலை வரைதான் போகலாம். வேன் கோயில் வளைவில் திரும்பும்வரை சுசீலா அங்கேயே நின்றாள். கசெட்டின் விளிம்பு உள்ளங்கையில் பள்ளம் விழுத்தியிருந்தது.

இனி வீட்டைக் கழுவவேண்டும். அதற்கு முன் பெண்கள் எல்லாரும் தலை முழுகவேண்டும். முழுகாமல் யாரும் வாசற்படி மிதிக்கக்கூடாது. கிணற்றடியில் கமலாட்சி மாமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியோடு நின்றாள். ஒவ்வொருத்தியாகத் தலையில் வாங்கிக்கொண்டு நடுங்கியபடி விலகினார்கள். சுசீலாவின் முறை வந்தபோது மற்றவர்கள் அவளைத் தொடாமல் ஒதுங்கி நின்றார்கள்.

"அதக் கீழ வையி" என்றாள் மாமி.

"மாட்டேன்."

"பொணத்தோட கெடந்த சாமான்டி. தீட்டு. அதையும் தண்ணியில முக்கித்தான் உள்ள கொண்டு போகணும்."

"தண்ணி பட்டா போயிரும் மாமி."

"அப்ப வெளியில எங்கயாவது வச்சுட்டுக் குளி. யாரு எடுக்கப் போறா?"

சுசீலா சுற்றிலும் பார்த்தாள். அண்ணி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்டிங்கில் இருக்கும் பையனின் தாய்.

"கையில இருந்து விடமாட்டேன்" என்றாள் சுசீலா. "ஊத்துறதுன்னா இப்படியே ஊத்துங்க."

அவள் கல்லில் ஏறி நின்று வலது கையைத் தலைக்கு மேலே, எட்டுகிற மட்டும் உயர்த்திப் பிடித்தாள். முதல் வாளியை மாமி ஆத்திரத்தோடுதான் ஊற்றினாள். தண்ணீர் உச்சியில் அடித்து மூக்கு வாயெல்லாம் புகுந்தது, சேலை உடம்போடு ஒட்டியது, பற்கள் கிட்டின. சில துளிகள் மணிக்கட்டு வரை தெறித்தன. சுசீலா குதிகாலை எக்கிக் கையை இன்னும் மேலே தூக்கினாள். தோள் நடுங்கத் தொடங்கியது.

கமலாட்சி மாமி அடுத்த வாளியை இறைத்துத் தூக்கினாள். தூக்கியவள் ஒரு கணம் நின்று அந்தக் கையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கல்லைச் சுற்றி மறுபக்கம் வந்து, இடது தோளில் வாளியைச் சாய்த்து, தெறிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.